மூன்று வரிகளை அழித்த பெஹிஜா

சுவரோரம் இருக்கிற அந்த இரண்டாவது திரையில் மதாம் பெஹிஜா என்னதான் செய்கிறார்? நகலெடுக்க வரிசையில் நிற்கும் மாணவர்கள் இதைத் தங்களுக்குள் கேட்டுக்கொள்வது வழக்கம். அப்போது பதில் யாருக்கும் தெரியாது, இதை எழுதுகிறவருக்கும் தெரியாது. அவர் இடது கையால் இயந்திரத்தில் தாளை வைத்து மூடியை அழுத்துவார். அதே நேரம் வலது கை பக்கத்திலுள்ள விசைப்பலகையில் ஒரே விசையைத் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருக்கும். தட்டுவார், திரையைப் பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார், மறுபடி தட்டுவார். "மதாம், ரெண்டு பக்கமும் வரணும்" என்று யாராவது சொன்னால், திரும்பாமலே, "வரும், வரும். நீ உன் தாள எண்ணு" என்பார்.

ஸ்ஃபாக்ஸ் நகரில், அறிவியல் கல்லூரி வாசலுக்கு எதிரே, மருந்துக் கடைக்கும் சாண்ட்விச் கடைக்கும் நடுவில் இருக்கிறது அந்த நகல் கடை. ஆய்வேடுகளைத் தட்டச்சு செய்து, அச்செடுத்து, சுருள் கம்பி போட்டுக் கட்டித் தருவார்கள். தட்டச்சு பெஹிஜாவின் வேலை, கட்டுவது தம்பி லஸாத்தின் வேலை. பெஹிஜாவுக்கு முப்பத்தெட்டு வயது. நகத்தை ஒட்ட வெட்டியிருப்பார். கண்ணாடி கழுத்தில் கயிற்றில் தொங்கும். மனிதர்களின் முகம் அவர் நினைவில் நிற்காது, கை நிற்கும். போன வருடம் வந்துபோன ஒரு மாணவியைப் பற்றிச் சொல்லும்போது, "பேரு தெரியல. ஷிஃப்ட்ட கட்டை விரலால அமுக்குவாளே, அவ" என்பார்.

தபால் நிலையம் போனாலும் கண்ணாடித் தடுப்புக்கு மேலே எக்கி, உள்ளே இருப்பவரின் விரல்களைத்தான் பார்ப்பார். ஒருமுறை காவலாளி வந்து, "என்னம்மா எட்டிப் பாக்குற, பாஸ்வேர்டா?" என்று மிரட்டினார். "உங்க பாஸ்வேர்டு எனக்கெதுக்கு? உங்க ஆளு அந்த என்டர அடிக்கிற அடியில அது ரெண்டு மாசம் தாங்காது. அதச் சொல்லத்தான் பாத்தேன்" என்றார் பெஹிஜா. இரண்டு மாதம் கழித்துப் போனபோது அங்கே புது விசைப்பலகை இருந்தது. அதை அவர் யாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொள்ளவில்லை. லஸாத்தான் சொன்னான்.

இரண்டாவது திரையில் நடப்பது இதுதான். இணையப் பக்கம் ஒன்றில் நாம் ஒரு விசையை அழுத்தினால், எது அழுந்தியது, எப்போது விடுபட்டது, கூடவே வேறெது அழுந்தியிருந்தது என்று அந்தப் பக்கத்துக்குச் சொல்ல ஒரு கணினி நிரல் வேண்டும். அப்படியொரு நிரல் தொகுப்பு, யாரும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் திருத்தலாம் என்று திறந்து வைக்கப்பட்டது. பள்ளி, கடை, மருத்துவமனை என்று எங்கெங்கோ உள்ள பக்கங்களுக்குள் அது ஓடிக்கொண்டிருக்கிறது. முதலில் எழுதியவர் ஒரு நார்வேக்காரர். எங்கள் ஊர் விசைப்பலகையில் எழுத்துகள் வேறு இடத்தில் இருப்பதால், இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தும் குறுக்குவிசைகள் வேலை செய்யவில்லை என்று ஏழு வருடங்களுக்கு முன் பெஹிஜா அவருக்கு எழுதினார். முடிந்தால் நீங்களே சரிசெய்யுங்கள் என்று பதில் வந்தது. அந்தக் கோபத்திலேயே மூன்று மாதம் படித்துச் சரிசெய்தார். பிறகு இன்னொன்று, அப்புறம் இன்னொன்று. நார்வேக்காரருக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்ததும் மொத்தப் பொறுப்பையும் இவரிடம் விட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டார்.

"சம்பளம் கிடையாது, ஒரு நன்றி கிடையாது. ஊரான் வீட்டக் கூட்டிப் பெருக்க உனக்கென்ன தலையெழுத்து?" என்று லஸாத் கேட்பான். வாய் நிறைய டூனா மீனும் ஹரீஸா மிளகாய் விழுதும் வைத்த ரொட்டியோடுதான் எப்போதும் கேட்பான்.

"வீடு இல்லடா, தெரு. நீயும் அதுலதான் நடக்குற. விசைப்பலகைகிட்ட எண்ணெயக் கொண்டு வராத, தள்ளிப் போ."

உலகத்தின் எந்த மூலையிலிருந்து புகார் வந்தாலும் பெஹிஜாவின் முதல் பதில் இரண்டு கேள்விகள்தான்: எந்த விசை? எந்த விரல்? இரண்டாவது கேள்வியைக் கேலி செய்தவர்கள் உண்டு. அவர் விடமாட்டார்.

இந்த வருடம் மார்ச் விடுமுறையில் கல்லூரி மூடியிருந்தது, கடையிலும் கூட்டம் இல்லை. பெஹிஜா அந்த நிரலைச் சுத்தம் செய்ய உட்கார்ந்தார். பழைய இணைய உலாவிகளுக்காக எழுதிய வரிகள், ஒரே வேலையை இரண்டு இடத்தில் செய்யும் வரிகள், எதற்கென்றே தெரியாத வரிகள் என்று நானூறுக்கு மேல் நீக்கினார். அவற்றில் மூன்று வரிகள், ஆல்ட் விசை அழுந்தியிருக்கிறதா என்று ஒவ்வொரு தட்டலின்போதும் கணினியிடம் மறுபடி கேட்டுச் சரிபார்த்தன. நிரலின் நினைவில் ஏற்கெனவே இருப்பதை எதற்குத் திரும்பக் கேட்க வேண்டும்? பக்கத்தில் ஒரு குறிப்பும் இல்லை. அழித்தார். சோதனைகள் எல்லாம் பிழையில்லை என்று பச்சை காட்டின. ஏப்ரலில் புதுப் பதிப்பு வெளிவந்தது. ஒரு மாதம் அவர் நல்ல மனநிலையில் இருந்தார். வரிசையில் நிற்பவர்களிடம் திரும்பிப் பார்த்துப் பேசினார் என்றுகூடச் சொல்கிறார்கள்.

மே மாதம் ஒரு திங்கட்கிழமை முற்பகல் எம்னா வந்தாள். இருபத்தாறு வயது. டயாலிசிஸ் மையம் ஒன்றில் பதிவு எழுத்தர், ஒப்பந்த வேலை. கையால் எழுதிய தாள் ஒன்றை நீட்டினாள்.

"அக்கா, இத நல்லா அடிச்சுக் குடுங்க. வியாழக்கிழமை விசாரணைக் குழு முன்னாடி குடுக்கணும்."

என் கவனக்குறைவால் பதினொரு நோயாளிகள் சிகிச்சைக்கு வரவேண்டிய முறைப் பதிவுகள் அழிந்துபோனதை ஒப்புக்கொள்கிறேன் என்று தொடங்கியது அந்தத் தாள். பெஹிஜா இரண்டு வரி அடித்துவிட்டு நிறுத்தினார்.

"கவனக்குறைவுன்னா? என்ன பண்ணின?"

"அது தெரிஞ்சா நான் ஏன் இங்க நிக்கிறேன்? ஒழுங்காத்தான் பதிவு பண்றேன். மறுநாள் பாத்தா பட்டியல்ல ஆளக் காணோம். அழிச்சது என் கணக்குலேர்ந்துன்னு கணினியே சொல்லுதாம்."

"பின்ன ஏன் ஒத்துக்கற?"

"ஒத்துக்கிட்டா சும்மா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. இல்லேன்னா குத்தம்னு எழுதி அனுப்புவாங்க. அப்புறம் எந்த அரசு வேலைக்கும் என்ன எடுக்க மாட்டாங்க. இப்பவே வர வேண்டாம்னு உக்கார வெச்சுட்டாங்க." எம்னா தாளின் ஓரத்தை மடித்து மடித்து நிமிர்த்தினாள். "அத விடுங்க. கெர்கென்னா தீவுலேர்ந்து ஒருத்தர், மிலாத்னு பேரு. மீன் பிடிக்கிறவர். முதல் படகுல வந்து நிக்கிறார், பட்டியல்ல பேரு இல்ல. திருப்பி அனுப்பிட்டாங்க. ரெண்டு நாள் கழிச்சு மூச்சு முட்டித் தூக்கிட்டு வந்தாங்க. பொழச்சுக்கிட்டார். அவர் பொண்டாட்டி என் மேஜைக்கு முன்னாடி வந்து நின்னா. என்னையே பாத்துட்டுப் போனா."

"உன்கூட இருக்கறவங்களுக்கு இப்படி ஆகுதா?"

"ரெண்டு பேர் இருக்காங்க. ஒண்ணுகூடப் போகல. அவங்க ஒரு நாளைக்கு நாப்பது பதிவு போடுவாங்க, நான் நூத்திருபது."

பெஹிஜா நாற்காலியிலிருந்து எழுந்தார். "உக்காரு. எந்த விசை, எந்த விரல்னு காட்டு."

எம்னா உட்கார்ந்து அடித்துக் காட்டினாள். அங்கே எல்லா எழுத்தரும் செய்வதுதான். நோயாளியின் பெயர் அரபியில், மருத்துவக் குறிப்பு பிரெஞ்சில். ஒவ்வொரு பதிவிலும் ஆல்ட், ஷிஃப்ட் இரண்டையும் சேர்த்து அழுத்தி மொழியை மாற்ற வேண்டும். எம்னாவின் கண் தாளில் இருந்தது. மாற்றும்போது இடது கையின் இரண்டு விரல்களும் தீக்குச்சி உரசுவது போலத் தொட்டு விலகின. உடனே குறிப்பின் முதல் சொல், சிகிச்சை அமர்வைக் குறிக்கும் 'ஸியான்ஸ்'. அதன் முதல் எழுத்து எஸ்.

"உங்க இணையப் பக்கத்துல ஒரு பதிவ அழிக்க என்ன விசை?"

"ஆல்ட்டோட எஸ். ஆனா நான் அதத் தொடவே மாட்டேன்."

பெஹிஜா இரண்டாவது திரைக்குப் போனார். மையத்தின் இணையப் பக்கத்தைத் திறந்து, அதற்குள் என்னென்ன நிரல் இருக்கிறது என்று பார்த்தார். அவருடைய தொகுப்பு இருந்தது, ஏப்ரல் பதிப்பு. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

அவருக்குப் புரிந்துவிட்டது. மொழியை மிக வேகமாக மாற்றினால், ஆல்ட்டை விட்ட செய்தியைக் கணினி சில நேரம் தானே வைத்துக்கொள்ளும், பக்கத்துக்குச் சொல்லாது. விரல் போய்விட்டது, நிரலோ இன்னும் ஆல்ட் அழுந்தியே இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருக்கும். அடுத்து வரும் எஸ், அழிக்கும் கட்டளையாகிவிடும். எழுத்தும் வழக்கம்போல விழும், அதற்கு மேலே சேமித்த பதிவு சத்தமில்லாமல் போகும். மெதுவாக அடிப்பவர்களுக்கு இது நேராது. இரண்டு மொழியில் மாறி மாறி எழுதாதவர்களுக்கும் நேராது. பெஹிஜாவுக்கே நேர்ந்ததில்லை. ஒரு ஆய்வேடு முழுக்க ஒரே மொழிதானே. இதைத் தடுக்கத்தான் யாரோ எப்போதோ அந்த மூன்று வரிகளை எழுதி வைத்திருந்தார்கள்.

"எம்னா, அந்தப் பதினொண்ண அழிச்சது நான்."

எம்னாவுக்கு விளங்கவில்லை. பெஹிஜா மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது. கம்பி சுற்றிக்கொண்டிருந்த லஸாத் எழுந்து வந்து, அக்காவைத் தனியே இழுத்தான். "வாயக் குடுத்து மாட்டிக்காத. சத்தம் போடாம சரி பண்ணிடு. இந்த ஊர்ல யாருக்குத் தெரியப்போகுது?"

"மிலாத்துக்கும் தெரியாது. அவர் பொண்டாட்டிக்கும் தெரியாது. அவங்க இவளத்தான பாத்துட்டுப் போனாங்க."

எம்னாவின் தாளைப் பெஹிஜா அதற்கு மேல் அடிக்கவில்லை. மாலைக்குள் மூன்று வரிகளும் திரும்ப நிரலுக்குள் வந்தன. இந்த முறை எதற்கென்று விளக்கும் குறிப்போடு. தொகுப்பைப் பயன்படுத்தும் எல்லோருக்கும் எச்சரிக்கை போனது. அதன் முதல் வாக்கியம், "மார்ச்சில் நான் செய்த தவறு இது" என்று இருந்தது. அப்புறம் விசாரணைக் குழுவுக்குத் தன் பெயரில் இன்னொரு கடிதம் அடித்தார். அடையாள அட்டை எண்ணையும் போட்டார்.

வியாழக்கிழமை விசாரணைக் குழுவின் தலைவர், துணை இயக்குநர் கம்மூன், அந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்தார். மையத்தின் பக்கத்தில் இன்னும் திருத்தாத ஏப்ரல் பதிப்புதான் ஓடிக்கொண்டிருந்தது.

"நீங்க நகல் கடைதானே?"

"ஆமாங்க."

"நகல் கடைக்கும் எங்க கணினிக்கும் என்ன சம்பந்தம்?"

"உங்க பக்கத்துக்குள்ள என் வேலை ஓடுது. போலிப் பேரு ரெண்டு மூணு போட்டுப் பாக்கலாம். காட்டுறேன்."

கம்மூன் தானே உட்கார்ந்தார். இரண்டு ஆள்காட்டி விரல்களால் பெயரைத் தேடித் தேடி அடித்தார். மொழியை மாற்றினார், எஸ்ஸை அழுத்தினார். மூன்று முறை செய்தார். எந்தப் பதிவும் அசையவில்லை.

"பாத்தீங்களா? ஒண்ணும் ஆகல."

"உங்களுக்கு ஆகாது ஐயா. உங்க வேகத்துக்கு அது தூங்கிடும்."

குழுவில் இருந்த தலைமைச் செவிலி இருமுவது போலச் சிரித்தார். அடுத்து எம்னா உட்கார்ந்தாள். இரண்டாவது முயற்சியிலேயே மேலே இருந்த பதிவு காணாமல் போனது.

"ஆல்ட்ட விடாமலே எஸ்ஸத் தட்டிட்டா. இதத்தான நான் முதல்லேர்ந்து சொல்றேன்" என்றார் கம்மூன்.

"அவ விட்டுட்டா."

"விட்டாளா இல்லையான்னு யாரு பாத்தா?"

பெஹிஜா மேஜையையும் எம்னாவின் கைகளையும் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "எம்னா, பேர அடி, மொழிய மாத்து. மாத்தின உடனே ரெண்டு கையையும் மேல தூக்கிடு. எஸ்ஸ ஐயா அமுக்கட்டும்" என்றார்.

எம்னா அடித்து, மாற்றி, கைகளை உயர்த்தினாள். கம்மூன் குனிந்து ஒற்றை விரலால் எஸ்ஸை அழுத்தினார். எழுத்து மட்டும் விழுந்தது, பதிவுகள் அப்படியே இருந்தன. அவர் நிமிர்ந்து கடிதத்தை மடிக்கத் தொடங்கினார்.

"எப்பவும் ஆகாது ஐயா, சில தடவதான். ரொம்ப வேகமா மாத்தினாத்தான். இன்னொரு தடவ."

இரண்டாவது முறையும் ஒன்றும் ஆகவில்லை. "இன்னும் வேகமா. மேஜைல தாள் இருக்கறதா நெனச்சுக்கோ, திரையப் பாக்காத" என்று பெஹிஜா அவள் காதருகே சொன்னார். எம்னா கண்ணை மேஜைக்குத் தாழ்த்தினாள். பெயர், உரசல், கை மேலே. கம்மூன் அழுத்தினார். மூன்று பதிவுகள் இருந்த இடத்தில் இரண்டு இருந்தன.

கம்மூன் தன் விரலைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். தலைமைச் செவிலி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு, "இத இப்பவே எழுதிக்குங்க" என்றார். எல்லோரும் திரையைச் சுற்றிக் குனிந்தார்கள். எம்னா இன்னும் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள், பிடிபட்டவள் மாதிரி. பெஹிஜா பின்னாலிருந்து அந்த இரண்டு மணிக்கட்டுகளையும் பிடித்து, மெல்லக் கீழே இறக்கி, அவள் மடியில் வைத்தார்.

கவனக்குறைவு என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லப்பட்ட யாரோ ஒருவர் உங்களுக்கும் தெரிந்தவராக இருக்கலாம். அவர் பேனாவை எடுப்பதற்கு முன் இதை அவரிடம் சொல்லிவிடுங்கள்.