மண்ணுக்குள் பூத்த கானாவாழை

1932 ஜூலை. பரீட்சை முடிந்ததும் கொழும்பிலிருந்து கண்டிக்கு வந்தேன். காரணம் ஒரு களைச்செடி. கானாவாழையின் நீலப்பூ காலையில் விரியும், நண்பகலில் வாடும். மழைக்கால மலையில் தேனீ பறப்பது அபூர்வம். பின் எப்படி விதை வைக்கும்? 'வைக்காது' என்று விடைத்தாளில் எழுதிவிட்டேன். அன்றிரவிலிருந்தே சந்தேகம்.

ரயில் நிலையத்திலிருந்து, கானாவாழை மண்டிய ஹந்தானைத் தேயிலைத் தோட்டம் மூன்றரை மைல். வாடகைக் காருக்கு இரண்டு ரூபாய். குறைக்கச் சொன்னேன்.

"மழைக்கு ரோட்டு வழுக்குது தம்பி. கொறைக்க ஏலாது" என்றார் சாரதி.

நடந்தேன். ஏழு மணிக்குப் புறப்பட்டு ஒன்பதுக்குத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களைத் தாண்டினேன். மூடுபனி. காலில் அட்டைகள். நகரம் கீழே காணாமற் போயிருந்தது.

தேயிலைச் சரிவில் சண்டைச் சத்தம். அந்த மலையில் புல் எடுக்கும் கொந்தரப்பு, அதாவது களை பிடுங்கும் ஒப்பந்தம், தொழிலாளி முருகாயியுடையது. கங்காணி நீலப்பூக்களைக் காட்டிக் கத்திக்கொண்டிருந்தார்.

"மேலாக்க சொரண்டிட்டுப் போயிருக்க! மூணு வாரத்துல காடாட்டம் நிக்குது. நாளைக்குக் காலையில பேர் பதியுற பெரட்டுல தொரைகிட்ட சொல்லிக் கொந்தரப்ப வேற ஆளுக்கு மாத்திடுறேன்."

"வேரோடதான் புடுங்குனேன் கங்காணியாரே. பிடிவாதம் புடிச்ச செடி. ஒங்களாட்டம்."

யாரும் சிரிக்கவில்லை. கொந்தரப்புப் போனால் அவள் வீட்டு அடுப்பு அணையும்.

குந்தி, விரலால் மண்ணைக் கிளறினேன். வெளிறிய தண்டுகள். அவற்றில் வெள்ளை மொட்டுகள். அருகே சிறு காய்கள். ஒரு காயை நகத்தால் பிளந்தேன். உள்ளே விதை. மண்ணுக்குள் இருக்கும் பூ விரிவதே இல்லை. தன் மகரந்தத்தைத் தானே ஏற்றுக் காய்த்துவிடும். தேனீ வந்தால் மேலே வேறு செடியோடு கலப்பு. வராவிட்டாலும் கீழே அடுத்த தலைமுறை தயார். என் விடை தவறு. மகிழ்ச்சியாக இருந்தது.

"இது மண்ணுக்குள்ளயா காய்க்கிது?" என்றார் கங்காணி.

"ஓம். செடியை இழுத்தாலும் இந்தத் தண்டு அறுந்து உள்ளுக்கை நிண்டிடும்."

"ஓமமா? வயித்து வலிக்கா?" என்று என் யாழ்ப்பாணப் பேச்சைக் கேலி செய்தாள் முருகாயி. பிறகு காயை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தாள். "கச்சான் கடலை மாதிரில்ல ஒளிஞ்சிருக்கு! நான் பொய் சொல்லலைன்னு இப்பவாச்சும் தெரியுதா?"

கங்காணி தலைப்பாகையைச் சரிசெய்தார்.

"சொரண்டிய வச்சிட்டு இரும்பு முள்ளு எடு. குத்திக் கெளறிக் காயெல்லாம் பொறுக்கு. ஒரு மாசம் பாக்குறேன். தொரைகிட்ட நான் பேசிக்கிறேன்."

பதினொரு மணிக்கு அவள் முள்ளோடு முதல் நிரையில் நின்றாள்.

அந்தப் பூவைப் பார்க்கப் போகிறவர்களுக்கு: பத்து மணிக்குள் சேருங்கள், பிந்தினால் நீலப்பூ சுருங்கிவிடும். அட்டை ஏறாமல் காலில் தேய்க்கச் சவர்க்காரக் கட்டி கொண்டு போங்கள். குடையை நம்பாதீர்கள். பூவைப் பறிப்பதானால் மண்ணையும் கிளறிக் காய்களை எடுத்து முருகாயியின் கூடையில் போடுங்கள். கங்காணி தந்த ஒரு மாதம் முடியும்வரை ஒவ்வொரு காயும் அவளுக்கு உதவி.