சூரிச்சில் பார்த்தவை

அண்ணையை நினைத்தால், டுசல்டோர்ஃப் ரயில் நிலையத்தில் அவர் வண்டிக்கு நிற்கும் கோலம்தான் முதலில் வருகிறது. ஒரு கையில் கம்பனியின் கருவிப் பெட்டி, மறு கையில் தமிழ்க் கடைப் பை. பைக்குள் அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுபவ, வறுத்துத் திரித்த மிளகாய்த்தூள். எத்தனை பிளாஸ்டிக் உறை போட்டுச் சுற்றினாலும் ரயில் பெட்டி முழுக்க மணக்கும். பக்கத்தில் இருக்கிற ஜேர்மன்காரர் தும்மிவிட்டு வேறு இருக்கை தேடிப் போவார். "நல்லதாப் போச்சு தம்பி, காலை நீட்டலாம்" என்று அண்ணை அந்த இடத்தில் பையை வைப்பார். நான் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

ஹோட்டல்களில் வைக்கிற பெரிய கோப்பி இயந்திரங்களைப் பொருத்துவதும் பழுது பார்ப்பதும் எங்கள் வேலை. அண்ணை யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து, பாத்திரம் கழுவி, பிறகு இந்தத் தொழிலைப் பழகியவர். நான் சிறுவனாக இங்கே வந்து ஜேர்மன் பள்ளிக்கூடத்தில் படித்தவன். அவர் என்னைவிட நிறைய மூத்தவர், ஆனால் கம்பனியில் இருவருக்கும் ஒரே சம்பளம், ஒரே நீலச் சட்டை. பிரசல்ஸ், பாரிஸ் என்று எங்களைச் சோடியாக ரயிலில் அனுப்புவார்கள். வேலையை வெள்ளிக்கிழமை முடித்துவிட்டு, சனி ஞாயிறு சொந்தச் செலவில் நின்று ஊர் பார்த்து வரலாம். மற்ற வேலையாட்கள் அதற்காகவே வெளியூர் வேலையைக் கேட்டு வாங்குவார்கள்.

அண்ணைக்கு ஊர் பார்ப்பதென்றால் ஆட்களைப் பார்ப்பது. எந்த நகரத்தில் இறங்கினாலும் அங்கே அவருக்கு ஒரு மச்சானோ, ஒன்றுவிட்ட தங்கச்சியோ, ஊரில் பக்கத்து வளவுக்காரரோ இருப்பார்கள். ஐரோப்பாவின் தலைநகரங்கள் என்று நான் பார்த்ததெல்லாம் தோல் சோபாக்களும், சுவர் நிறைய, பெரியபிள்ளையான பெட்டைகளின் சாமத்திய வீட்டுப் படங்களும்தான். ஈபிள் கோபுரத்தை ஒரு வீட்டுச் சமையல் குசினி யன்னலால், கூரைகளுக்கு மேலே நுனி மட்டும் பார்த்தேன். கிட்டப் போவோம் என்று கேட்டதற்கு, "அது எங்கையும் போகாது தம்பி. சனத்தைத்தான் பாக்க வேணும். நாளைக்கு ஆர் இருப்பினம் எண்டு ஆருக்குத் தெரியும்?" என்றார். அந்த வீட்டுக்காரி எங்களுக்கு இன்னொரு முறை தேத்தண்ணி ஊற்றினாள்.

அண்ணையின் ஒரே மகள் இருந்தது சூரிச்சில். கூடப் படித்த பொடியன் ஒருவனை விரும்பிக் கட்டிக்கொண்டு போனவள். பொடியனும் தமிழன்தான், யாழ்ப்பாணம்தான், நல்ல வேலையும் இருந்தது. ஜேர்மனியில் எங்கள் சனம் சாதி என்ற சொல்லை வாயால் சொல்லாது. "அவை எங்கட ஆக்கள் இல்லை" என்று சொல்லி நிறுத்திக்கொள்ளும். அண்ணையும் அதைச் சொல்லித்தான் நிறுத்தினார். அதற்குப் பிறகு அவர் மகளுடன் கதைக்கவில்லை. அக்கா மட்டும் அவர் வேலைக்குப் போன நேரங்களில் ரெலிபோனில் கதைத்துக்கொண்டிருந்தா.

கம்பனி எங்களைச் சூரிச்சுக்கு அனுப்பியபோது அண்ணையின் கையில் கடைப் பை இல்லை. அவரைக் கூட்டிப் போக வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் சப்பாத்து மாட்டிக்கொண்டிருக்க, அக்கா என்னைக் குசினிக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினா.

"தம்பி, இவரை எப்பிடியாவது ஒருக்கா அங்க கூட்டிக்கொண்டு போங்கோ. அவளுக்கும் ஒரு பிள்ளை பிறந்திட்டுது. வாசல்ல கொண்டுபோய் விட்டாப் போதும், மிச்சத்தை அந்தக் குழந்தை பாத்துக்கொள்ளும்."

மகளின் விலாசத்தை என் போனுக்கு அனுப்பிவிட்டுத்தான் கதவைத் திறந்தா.

சனிக்கிழமை காலை நான் கதையைத் தொடங்குமுன் அண்ணை ஹோட்டல் வாசலில் நகரத்து வரைபடத்தோடு நின்றார். "தம்பி, இண்டைக்கு ஊர் பாப்பம்" என்றார். என் காதில் விழுந்தது சரிதானா என்றிருந்தது. ஏரியில் கப்பலில் சுற்றினோம். அன்னங்களைப் படம் எடுத்தார். பெரிய மணிக்கூடு வைத்த தேவாலயத்தின் கீழே, அது அடிக்கும்வரை காத்து நின்றார். இன்னொரு தேவாலயத்தில் நீலக் கண்ணாடி யன்னல்களுக்கு முன்னால் உட்கார்ந்து, கையேட்டை ஒரு வரி விடாமல் வாசித்தார். பிறகு இரட்டைக் கோபுரத் தேவாலயத்தில் ஏறினார். முழங்கால் வருத்தக்காரர் அவர். ஒவ்வொரு வளைவிலும் சுவரைப் பிடித்து நின்று மூச்சு வாங்கினார். நான் பின்னால் ஏறினேன், அவர் விழுந்தால் பிடிப்பதற்கு.

மேலே காற்று பலமாக இருந்தது. மலைப் பக்கத்தைக் காட்டி, "அண்ணை, உங்கட பிள்ளையின்ர வீடு அந்தப் பக்கம்தான். ட்ராமில போனாக் கொஞ்ச நேரம்" என்றேன். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு கனநேரம் அங்கேயே பார்த்தார். பிறகு திரும்பி, "அந்த மணிக்கூட்டைப் பாத்தீரே, என்ன பெரிசு" என்றார். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. உள்ளே ஒன்றும் அசையவில்லை. ஓம் அண்ணை, பெரிசுதான் என்றேன். ஞாயிற்றுக்கிழமை அரும்பொருட்காட்சிச் சாலை ஒன்றைப் பார்த்தோம். திரும்பும் ரயில் சுவிஸ் எல்லையில் பாசலைத் தாண்டியபின் அவர் சொன்னது ஒரே வசனம்: "வடிவான ஊர்."

கம்பனி இப்போது என்னை வேறொருவருடன் அனுப்புகிறது. வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் அடுத்த வண்டியில் ஏறி வீட்டுக்கு வந்துவிடுகிறேன். ஈபிள் கோபுரத்தை இன்னும் கிட்டப் போய்ப் பார்க்கவில்லை. ஆசையும் இல்லை.

அண்ணை போன மாரிக் குளிரில் மாரடைப்பில் போனார். எரியூட்டும் மண்டபத்தில் எங்களுக்குத் தந்த நேரத்துக்குள் தேவாரமும் வாய்க்கரிசியும் முடிய வேண்டியிருந்தது. வெளியே அடுத்த குடும்பம் கறுப்பு உடுப்போடு காத்து நின்றது. எனக்கு அழுகை வரவில்லை. மகள் சூரிச்சிலிருந்து பிள்ளையோடு ரயிலில் வந்திருந்தாள். அவளும் அழவில்லை. எல்லாம் முடிந்து சனம் கலையும்போது என்னிடம் வந்தாள்.

"அண்ணா, அப்பா ஒருக்கா சூரிச்சுக்கு வந்தவர் எண்டு அம்மா சொன்னவ. உங்களோடயோ வந்தவர்?"

"ஓம். வேலைக்கு வந்தனாங்கள்."

"முடிஞ்ச உடன திரும்பிட்டியளோ?"

ஓம் என்று சொல்லியிருக்கலாம். "இல்லை. சனி ஞாயிறு நிண்டனாங்கள்" என்றேன்.

"என்ன பாத்தவர்?"

சொன்னேன். கப்பல், அன்னம், மணிக்கூடு, நீல யன்னல், கோபுரம். ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள், அவளுக்குத் தெரிந்த இடங்கள்தானே. கோபுரம் என்றதும் தலையாட்டுவதை நிறுத்தினாள்.

"அதில ஏறினவரோ? அவருக்கு முழங்கால் ஏலாதே."

"ஏறினவர். மேல நிண்டு உங்கட வீட்டுப் பக்கம் கனநேரம் பாத்தவர்."

அவள் குனிந்து பிள்ளையின் குளிர்ச்சட்டையைக் கழுத்துவரை பூட்டினாள். பூட்டி முடிந்தும் கையை எடுக்கவில்லை.

"அங்கையிருந்து தெரியாது அண்ணா," என்றாள். "எங்கட வீடு மலைக்குப் பின்னால."