தார்ப்பாய்க்கு வந்த மழைநீர்க் கட்டணம்

துபாயில் வீடு வாங்கியவர்கள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: வருஷத்தில் நாலைந்து நாள் பெய்கிற மழைக்கு எதற்குக் கட்டணம்? சிவில் படித்துவிட்டு ஒரு வில்லாக் குடியிருப்பின் பராமரிப்பு அலுவலகத்தில் சேர்ந்த புதிது. பதிலை நோட்டில் வரிசையாக எழுதி வைத்திருந்தேன். ஒன்று, பெய்தால் ஒரேயடியாகப் பெய்யும், தெரு நிறையும். இரண்டு, மழை இல்லாத நாளிலும் குழாயில் மணல் சேரும், அள்ள ஆள் வேண்டும். மூன்று, கூரை, டைல்ஸ், கார் நிறுத்தும் தளம் என்று தண்ணீர் இறங்காத பரப்புக்கு மட்டுமே கட்டணம். வெறும் மண்ணுக்குக் கிடையாது.

பரப்பை வானிலிருந்து எடுத்த படத்தைப் பார்த்து அளந்தேன். ஏசி அறையில் உட்கார்ந்தபடியே நூற்றுச் சொச்சம் வீடுகளை முடித்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

பில்லோடு ஒரு அக்கா வந்தார். குமரிக் கடற்கரைக்காரர், நர்ஸ். டூட்டி உடுப்பிலேயே நேராக வந்திருந்தார்.

“மக்கா, எங்க வீட்டுப் பொறத்தால வெறும் மண்ணுல்லா? நீ எப்பிடித் தளம் போட்ட?”

கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினேன். வீட்டின் பின்னால் சாம்பல் நீலத்தில் ஒரு செவ்வகம், ஓரமெல்லாம் நேராக.

“இந்தப் போட்டோ என்னைக்கு எடுத்தது?”

“வெள்ளிக்கிழமைக்கா.”

அக்கா நாற்காலியில் உட்கார்ந்தார். “அது தார்ப்பாய். நெத்திலி காயப் போட்டிருந்தேன்.”

மறுநாள் டேப்போடு போனேன். பின்புறம் மண்தான். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினேன், பார்த்துக்கொண்டிருக்கும்போதே இறங்கிவிட்டது. படிவத்தில் இரண்டு கட்டங்கள்: படத்தில் தெரிவது, நேரில் இருப்பது. நடுவில் காரணம் எழுத வேண்டும். பேனாவை எடுத்தபோதுதான் அந்தத் தெருவின் புகார்க் கோப்பு நினைவுக்கு வந்தது. மழைநீர்க் குழாய் நாறுகிறது என்று தொடர்ந்து கடிதங்கள், எல்லாம் வெள்ளி, சனியில் வந்தவை. குழாய்க்கு இறங்கும் குழியைத் திறந்து இரண்டு முறை ஆட்களை இறக்கியாயிற்று. மணலைத் தவிர எதுவும் இல்லை.

“என்ன மக்கா, நின்னுட்ட?”

சொன்னேன். முற்றத்தில் மீன் உலர்த்தத் தடை இருப்பதையும் சொன்னேன்.

அவர் கணவர் முந்திக்கொண்டார். “ஏட்டி, பில்லக் கட்டிட்டுச் சும்மா இரி. அப்பவே மாடியில போடுன்னு சொன்னேன்.”

“மாடிக்கு ஏணி நீங்களா வச்சுத் தந்திய?” என்றவர் என்னிடம் திரும்பினார். “திரும்பவும் ஆளு இறக்குவாங்களா?”

“ஞாயித்துக்கிழமைக்கா.”

அக்கா நனைந்த மண்ணையே பார்த்தார். “ரெண்டு தடவயும் பாத்தேன் மக்கா. சிவகங்கைப் பக்கத்துப் பயலுவ. மோர் கொண்டு குடுத்தேன். ‘உள்ள ஒண்ணும் இல்லக்கா, மாஃபி’ன்னு ஒருத்தன் சொல்லிட்டுக் குடிச்சான். எனக்கு எங்கேந்து நாறுதுன்னு தெரியும். சொல்ல வாய் வரல்ல.”

“தார்ப்பாய்னு மட்டும் எழுதிடறேன்க்கா. பில் குறைஞ்சிடும்.”

“அப்ப ஞாயித்துக்கிழம?”

“இறக்கத்தான் செய்வாங்கக்கா.”

“இந்த வெயில்ல குழிக்குள்ள மயங்கினவன எமர்ஜென்சியில பாத்திருக்கேன். நெத்திலின்னே எழுது. வாரா வாரம்னும் எழுது.”

கணவர் உள்ளே போய்விட்டார். நான் எழுதினேன்.

மேனேஜர் இரண்டு முறை படித்துவிட்டு காண்ட்ராக்டருக்குப் போன் செய்து வேலையை நிறுத்தினார். அந்த வாரமே அக்கா வீட்டுக்கு இரண்டு கடிதங்கள் போயின: ஒன்று குறைத்த பில், மற்றது எச்சரிக்கை. எச்சரிக்கையின் நகலை வீட்டு எண்ணோடு அறிவிப்புப் பலகையிலும் ஒட்டினார்கள். எண்ணையாவது மறைக்கலாமே என்று கேட்டேன். விதிமுறை என்றார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டதாக அக்கா பிறகு சொன்னார், புகாராக அல்ல.

ஞாயிற்றுக்கிழமை, குழிக்குள் இறங்க வேண்டிய இரண்டு பேரும் அலுவலகத்துக்குப் பின்னால் நிழலில் கம்பி வேலிக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். குழி வேலை ஏன் கேன்சல் என்று கேட்டார்கள். சொன்னேன்.

ஒருவர் விழுந்து விழுந்து சிரித்தார். “நெத்திலியா! எங்க ரூமுக்கு ஒரு கை அனுப்பியிருந்தா மொத நாளே கண்டுபிடிச்சிருப்போம்ல!”

மற்றவர் சிரிக்கவில்லை. “மோர் குடுத்தப்பவே சொல்லியிருக்கலாம்,” என்றார், பெயிண்ட் அடிப்பதை நிறுத்தாமல்.