கற்பூரம் அணைவதற்குள்

போன வருஷம் சித்திரை மாசம், மரக்காணத்திலிருந்து பெருமுக்கல் போகிற வழியில் இருக்கும் எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் வாசலில் நடந்தது இது.

எங்களுக்கு இருப்பது கொஞ்ச நிலம்தான். மல்லாட்டை போடுவோம், வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். உப்பளத்துப் பக்கம் என்பதால் மண் இறுகிக் கிடந்தது. ஊரில் சில குடும்பங்கள் குழுவாகச் சேர்ந்தோம். ரசாயன உரம், பூச்சி மருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு, பசுந்தாள் உரத்துக்குத் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுது, அந்த மண்ணைத் தேற்றினோம். மண்வளம் காக்கும் விவசாயம் என்று முத்திரை போட்டு விற்கிற சென்னைக் கம்பெனி ஒன்று எங்கள் கடலையை வாங்கிக்கொண்டது. யார் கடலை என்று தெரிய, மூட்டையில் குடும்பத்துக்கு ஒரு நம்பர் எழுதி அனுப்புவோம்.

அந்த முறை கம்பெனி செய்த பரிசோதனையில், எங்கள் நம்பர் எழுதிய மூட்டையில் பூச்சி மருந்து இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். ஒருத்தர் தப்பு செய்தால் குழு முழுவதற்கும் முத்திரை போய்விடும். ஊரே என் வீட்டுக்காரர் மேல் பாய்ந்தது.

"யாரும் இல்லாத நேரத்துல தெளிச்சிட்டு வந்தா யாருக்குப்பா தெரியும்?"

"நான் தொடலைங்க. வந்து மண்ணைக் கிளறிப் பாருங்க, புழு நெளியுது."

"ஏம்பா, மண்புழுவா வந்து சாட்சி சொல்லும்?" என்று ஒருத்தர் கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அவமானத்தில் கண்ணீர் வந்துவிட்டது.

எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்கிறேன் என்று இவர் சொல்லிவிட்டார். எங்கள் ஊரில் அது விளையாட்டு இல்லை. உண்மையே ஆனாலும் லேசில் யாரும் துணியமாட்டார்கள். சத்தியம் நடந்துவிட்டால், பொய் யாருடையதோ அவன் குடும்பத்தை அம்மன் கேட்பாள் என்பது எங்கள் நம்பிக்கை. இவர் மேல் தப்பில்லை என்று தெரிந்தும், பிள்ளைகளை நினைத்து, வேண்டாங்க என்று சொல்லிப் பார்த்தேன்.

குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்து நின்றார். பூசாரி கற்பூரத்தை ஏற்றினார். இவர் கையை ஓங்கியதும், கூட்டத்திலிருந்து ஒருத்தர் பாய்ந்து வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். குழுவுக்காக மூட்டைகளைச் சேர்த்து லாரியில் ஏற்றி அனுப்புகிறவர் அவர்.

"அண்ணே, வேணாண்ணே. அது உங்க கடலையே இல்லண்ணே."

லோடு குறைந்ததாம். வெளியில் யாரிடமோ மூட்டை வாங்கிச் சேர்த்துவிட்டு, எங்கள் நிலத்தில் நல்ல விளைச்சல், மூட்டை கூடினாலும் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்று எங்கள் நம்பரை எழுதிவிட்டாராம். அவர் பெண்சாதி நிறைமாசமாக இருந்தாள்; அம்மன் அவளைக் கேட்டுவிடுவாளோ என்றுதான் ஓடிவந்து தடுத்திருக்கிறார். எங்கள் வீட்டில் கை நனைத்தவர், எங்களை அண்ணன் அண்ணி என்று கூப்பிடுகிறவர், இத்தனை பேச்சையும் கேட்டுக்கொண்டு அங்கேதானே நின்றிருந்தார்!

மறுநாள் அவரே சென்னைக்குப் போய் உண்மையைச் சொன்னார். ஆனாலும் லோடில் வெளிக் கடலை கலந்துவிட்டதால் அந்த வருஷம் முத்திரை கிடைக்கவில்லை. எல்லார் கடலையும் சாதாரணக் கடலையாகத்தான் மார்க்கெட்டுக்குப் போனது. அவருக்குப் பெண் குழந்தை பிறந்தபோது நான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஆனால் பழைய மாதிரி பேச வாய் வரவில்லை.

முன்பெல்லாம் மழை வேண்டும், விளைச்சல் வேண்டும் என்றுதான் சாமி கும்பிடுவேன். இப்போது, எங்கள் மண்ணில் விளைந்தது சாப்பிடுகிறவர் வாய்க்குப் போய்ச் சேருகிற வரைக்கும், நடுவில் தொடுகிற ஒவ்வொரு கையும் சுத்தமாக இருக்கணும் தாயே என்று அதையும் சேர்த்து வேண்டிக்கொள்கிறேன்.