இங்கிலீஷ் மட்டும் பேசிய ஒரு மாதம்

சூடான உப்பிட்டு என்கிற உப்புமாவின் மேல் தூவிய சர்க்கரை உருகும் வாசனைதான், நான்கு வயதில் நான் போன நீலசந்திரா அங்கன்வாடியை நினைத்ததும் முதலில் வருகிறது. அங்கே ஏபிசிடி சொல்லித் தந்து யாரும் எங்கள் உயிரை எடுக்கவில்லை. மண்ணில் வீடு கட்டினோம், மிதித்தது யார் என்று சண்டை போட்டோம், கன்னடக்கார டீச்சர் வந்து "ஏனாயித்து?", என்ன ஆச்சு என்று கேட்டால் தமிழிலும் உருதுவிலும் அரைகுறைக் கன்னடத்திலும் ஒரே நேரத்தில் கத்தினோம், அவரும் ஒவ்வொருவர் சொல்வதையும் கடைசிவரை கேட்டார். நாலு வயதுக்கு இதைவிடப் பெரிய படிப்பு என்ன வேண்டும் என்று எனக்கு இன்றும் புரியவில்லை.

பொம்மசந்திராவில் லேத் ஓட்டிய அப்பாவுக்குப் புரிந்திருந்தது. ஒரு மாதத்தில் கான்வென்ட்டில் எனக்கு இன்டர்வியூ என்றதும் அங்கன்வாடியை நிறுத்திவிட்டு, "இன்னைல இருந்து வூட்ல இங்கிலீஷ்தான். அவன் தமிழ்ல கேட்டா யாரும் பதில் சொல்லாதீங்க" என்று சட்டம் போட்டார். அவருக்கும் அம்மாவுக்கும் சேர்த்து நாற்பது வார்த்தை தெரிந்திருந்தால் அதிகம். 'கம்', 'சிட்', 'ஈட்', 'நோ' என்றே வீடு நடந்தது. குழம்பில் உப்பில்லை என்று சொல்லத் தெரியாமல் அப்பாவே வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டார். எறும்பு எங்கே தூங்கும் என்று நான் கேட்டால், தெருவையே பேச்சில் மடக்கும் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒரு வாரத்தில் நான் கேட்பதையே விட்டுவிட்டேன்.

இன்டர்வியூவில் பெயர் கேட்டார்கள். எனக்கோ அரை மணி நேரமாக ஒன்றுக்கு முட்டிக்கொண்டிருந்தது. அதைத் தமிழில் சொல்லக் கூடாது, இங்கிலீஷில் சொல்லத் தெரியாது. நாற்காலியை நனைத்துவிட்டேன். சீட் கிடைக்கவில்லை. திரும்பும் பஸ்ஸில் அப்பா, "வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்றதுக்கு என்னடா?" என்று திட்டித் தீர்த்தார். தமிழில்தான் திட்டினார். எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகமாக வந்தது.

இப்போது அந்த அங்கன்வாடி இல்லை. அந்த இடத்தில் ஒரு அபார்ட்மென்ட்டின் கார்கள் நிற்கின்றன. என் மகளுக்கு நாலு வயது, அடுத்த மாதம் இன்டர்வியூ. பட்டும் புத்தி வராத ஜென்மம் நான். நானும் மனைவியும் ஆபீஸில் நாள் முழுக்க இங்கிலீஷ் பேசுகிறவர்கள்தானே, அப்பா செய்த தப்பு எங்களுக்கு வராது என்று போன வாரம் வீட்டில் அதே சட்டத்தைப் போட்டேன். பாலைக் குடி, டிவியை அணை, ஷூவை மாட்டு, எல்லாம் இங்கிலீஷில்.

நேற்று ஷூ மாட்டிவிடும்போது மகள் என் முகத்தையே பார்த்தாள்.

"அப்பா, ஏன் என்கூட பேசவே மாட்டேங்கிற?"

ஒரு வாரமாக நான் வாய் ஓயாமல் அவளிடம்தான் பேசிக்கொண்டிருக்கிறேன்.