ஓம் மட்டும்

யாழ்ப்பாணத்தை அடுத்த தீவொன்றில், நாரந்தனையில் வீடு வீடாய் மீன் விற்ற செபஸ்தியம்மாவுக்கு வாய் ஓயாது. நாலு திரளி மீனை எண்ணிக் கொடுப்பதற்குள் கடலில் நடந்தது முழுவதையும் சொல்லி முடித்துவிடுவாள். அந்த வாயை அடைத்தவர் மருந்துச்சாலை டாக்குத்தர் கனகசபை. ஒரு மாரிக்காலத்தில், ஒரே மகள் கிறேசம்மாவை அவள் அங்கே தூக்கிக்கொண்டு போனாள்.

"காய்ச்சலோ?"

"ஓம் ஐயா. போன கிழமை காலிலை கறள் பிடிச்ச ஆணி..."

"கேட்டதுக்கு ஓம், இல்லை எண்டு மட்டும் சொல்லு. உன்ரை கதை கேக்க எனக்கு நேரமில்லை. சாப்பிடுறாளோ?"

"இல்லை ஐயா, வாயைத் திறக்க..."

அவர் கையைக் காட்டி நிறுத்தினார். காய்ச்சல் மருந்து ஒரு போத்தல் கிடைத்தது. அந்தக் கிழமைக்குள் பிள்ளையின் உடம்பு வில்லாய் வளைந்து, ஆணிப் புண்ணால் வந்த ஏற்புவலியில் உயிர் போயிற்று.

செத்தவீட்டுச் சனம் கலைந்ததும் செபஸ்தியம்மா மீன்கடகத்தைத் தூக்கினாள். வீடு வீடாய்ப் படலையில் நின்று சொன்னாள்: "அந்தாள் என்ன கேட்டாலும் ஓம் எண்டுங்கோ. அதுக்கு மேலை ஒரு சொல்லுக் குடுக்காதேங்கோ."

அவரிடம் ஏச்சு வாங்காத பெண் அந்தப் பக்கத்தில் இல்லை; எல்லாரும் அவள் சொன்னபடியே செய்தார்கள். வயிற்றோட்டமோ என்றாலும் ஓம், மலச்சிக்கலோ என்றாலும் ஓம். மருந்து குடித்தாயோ? ஓம். மருந்தெல்லாம் வேலியோரம் கொட்டுண்டது. டாக்குத்தர் கத்தினார்; அதற்கும் "ஓம் ஐயா" தான். யன்னலுக்கு வெளியே நின்று அவர் தடுமாறுவதைப் பார்த்துச் செபஸ்தியம்மா வயிறு குளிர்ந்தாள்.

பிறகு, பிள்ளைத்தாய்ச்சியாய் இருந்த அயல்வீட்டு யோகம்மா கால் வீங்கி, கண் மங்கிப்போய் மருந்துக்குப் போனாள். "சுகமாய் இருக்கிறீரோ?" என்றதற்கு அவளும் ஓம் என்றுவிட்டு வந்து, முற்றத்தில் வலிப்பில் விழுந்தாள். அந்த உடம்பு வளைந்ததைக் கண்டதும் செபஸ்தியம்மா ஓடிப்போய் டாக்குத்தரைக் கூட்டிவந்தாள். தாய் பிழைத்தாள். வயிற்றுப்பிள்ளை தங்கவில்லை.

"ஏன் ஒருத்தரும் முதலே சொல்லேல்லை?" என்றார் அவர், முற்றத்தில் கை கழுவிக்கொண்டே.

"சொல்ல விட்டனீரோ?" அந்தப் பழியில் பாதி தன்னுடையது என்று செபஸ்தியம்மாவுக்குத் தெரியும்; அதுவே அவளை இன்னும் கொதிக்க வைத்தது. "இரும். நான் முடிக்குமட்டும் நீர் வாய் திறக்கப்படாது."

மகளுக்கு ஆணி குத்தியதிலிருந்து சவப்பெட்டி மூடியது வரை சொன்னாள். வேலிக்கு மேலால் சனம் பார்த்துக்கொண்டு நின்றது.

"ஆணி குத்தினது தெரிஞ்சிருந்தா யாழ்ப்பாணம் பெரியாசுபத்திரிக்கு அனுப்பியிருப்பன்," என்றார் கடைசியில். "பிழைச்சிருப்பாள் எண்டு சொல்ல ஏலாது. ஆனா நான் கேட்டிருக்க வேணும்."

"கேட்டிருக்க வேணும். என்ரை வாயாலை உமக்கு மன்னிப்பு இல்லை."

மறுநாள் கடகத்தோடு வேறு கட்டளை போயிற்று: "இனி எல்லாத்தையும் சொல்லுங்கோ. சொல்லி முடியாமல் அந்தாளைக் கதிரையாலை எழும்ப விடாதேங்கோ." பெண்கள் மதியம் திரும்பும்வரை சொன்னார்கள். அவர் ஒவ்வொருத்தியிடமும் "வேறை என்ன?" என்று கேட்கப் பழகினார். குணமானவர்களின் தொகை கூடியது.

மாற்றலாகிப் போகுமுன் அவர் கடற்கரைக்கு வந்து, அவள் வாயால் ஒரு சொல்லாவது கிடைக்குமென்று முன்னால் நின்றார். செபஸ்தியம்மா மீனுக்குச் செதிள் சுரண்டிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.