ஆவுடையப்பனின் கடைசி எல்.டி.சி.

ஆவுடையப்பன் டெல்லியில் ஓர் அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசர். ஊர் சுற்றிப் பார்க்க அரசாங்கம் கொடுக்கும் எல்.டி.சி. சலுகையில், முப்பத்தைந்து வருட சர்வீஸில் அவர் பார்த்ததெல்லாம் திருநெல்வேலியில் மைத்துனிகளின் கல்யாணமும் மாமனாரின் காரியமும்தான். செப்டம்பரில் ரிட்டயர்மென்ட். ஒரே ஒரு எல்.டி.சி. மிச்சம் இருந்தது. இதையாவது தனக்காக எடுப்பது என்று முடிவு கட்டினார். அந்தமானில் ஒரு குட்டித் தீவு. அங்கே ஸ்கூபா டைவிங்: முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் முங்கி மீன் பார்ப்பது.

திருச்செந்தூர்க் கடலில் முழங்காலுக்கு மேல் நனையாத மனிதர் அவர். ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் பக்கெட் தண்ணீருக்குள் முகத்தை அமுக்கி மூன்று மாதம் மூச்சடக்கிப் பழகினார். ஸ்கூபாவில் மூச்சை அடக்கவே கூடாது என்பதுதான் முதல் பாடம். அது அவருக்குத் தெரியாது.

"மீனப் பாக்கணும்னா கடலுக்குள்ளதான் போணுமாக்கும்? ஐ.என்.ஏ. மார்க்கெட்ல ஐஸ்ல படுத்துக் கெடக்கு. போய் நின்னு பாருங்க" என்றாள் மனைவி அம்பிகா. சொல்லிவிட்டுக் கூடவே கிளம்பினாள்.

தீவில் டைவிங் சொல்லிக்கொடுத்த மாதவ், குர்காவ்ன் ஐ.டி. வேலையை உதறிவிட்டு வந்த டெல்லித் தமிழ்ப் பையன். ஆளுக்கொரு மெடிக்கல் பாரத்தை நிரப்பச் சொல்லி நீட்டினான். 'தினமும் மருந்து சாப்பிடுகிறீர்களா?' கடலில் இறங்க வருகிறவர்கள் இந்த மாதிரி பாரத்தைப் படிப்பதில்லை. மேலிருந்து கீழ்வரை 'இல்லை' போடுவார்கள். ஆனால் ஆவுடையப்பன், அரைகுறையாக நிரப்பிய பாரங்களைத் திருப்பி அனுப்பியே சம்பளம் வாங்கியவர். 'ஆம்' என்று டிக் செய்து, பிரஷர் மாத்திரையின் பெயர், அளவு, எத்தனை வருடமாக என்பதெல்லாம் எழுதி, மருந்துச் சீட்டின் ஜெராக்ஸையும் கையெழுத்துப் போட்டு இணைத்தார்.

"சாரி அங்கிள். டாக்டர் லெட்டர் இல்லாம நான் கூட்டிட்டுப் போக முடியாது."

"லெட்டருக்கு எங்க போணும்?"

"போர்ட்பிளேர்."

"நாளைக்குக் காலையில ஊருக்குத் திரும்ப எங்களுக்குப் படகு தம்பி." சுற்றும் முற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "இன்னொரு பாரம் குடுங்க. இல்லன்னு எழுதித் தாரேன்."

"அச்சா அங்கிள், ஆனா எனக்குத் தெரிஞ்சுபோச்சே." மாதவ் சிரித்திருந்தால்கூடத் தேவலை.

அதற்குள் அம்பிகா அரை நிமிஷத்தில் எல்லாவற்றுக்கும் 'இல்லை' போட்டுவிட்டு, கறுப்பு ரப்பர் உடுப்பில் தண்ணீருக்குள் நின்றிருந்தாள். வீட்டில் ஒரே அட்டையிலிருந்துதான் இருவரும் தினமும் காலையில் அந்த மாத்திரையைப் பிய்த்துப் போட்டுக்கொள்வார்கள். முகமூடியை மாட்டிக் குனிந்து பார்த்தவள் எதற்கோ வாய்விட்டுச் சிரித்தாள்.

"ஏங்க, நீங்க வரலையா?"

"பிரஷருன்னு எழுதிட்டேன்."

"அத யாரு எழுதச் சொன்னா? நான் எழுதுனேனா? சரி, விடுங்க. நான் பாத்துட்டு வந்து சொல்லுதேன்."

அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"தம்பி," என்றார், "அவளுக்கும் அதே மாத்திரைதான்."

அவளுடைய உயிருக்காகத்தான் சொன்னோம் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். எந்த ஃபைலிலும் நிற்கக்கூடிய காரணம். தன் பாரம் திரும்பி வரும்வரை அது ஏன் தோன்றவில்லை என்பதற்குத்தான் குறிப்பு எதுவும் இல்லை.

அம்பிகா உடுப்பைக் கழற்றி, மடித்து, மாதவின் கையில் கொடுத்தாள். பிறகு படகில் பேசவில்லை, விமானத்தில் பேசவில்லை. டெல்லியில் இறங்கி டாக்சி வரிசையில் நிற்கும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"நான் முங்கிச் செத்துருவேன்னு பயந்தீயளா, பாத்துட்டு வந்துருவேன்னு பயந்தீயளா?"

மருந்தின் அளவைக்கூட மறைக்காத மனிதர் பெட்டிகளை எண்ணிப் பார்த்தார். "செத்துருவியோன்னுதான்" என்றார்.

அவள் தலையாட்டினாள். ஒரு டாக்சி வந்து நின்றது. "பையா, ஆர்.கே.புரம் சலோகே?" என்று டிரைவரிடம் இந்தியில் கேட்டுவிட்டு, அவரைப் பின்சீட்டில் பெட்டிகளோடு உட்காரவிட்டு, அம்பிகா முன்னால் டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டாள்.